ஓய்வுக்காலத்தில் பல கிராஸ் ஸ்டிட்ச் வேலைகள்: எல்லாவற்றையும் நடத்திச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையில் இருந்தவரை பீரோவில் கிராஸ் ஸ்டிட்ச் துணி, அதாவது கட்டம் எண்ணிப் பெருக்கல் குறி போலத் தைக்கிற துணி, ஒன்றே ஒன்று பாதியில் இருக்கும். ஓய்வுபெற்று ஓரிரு வருடம் ஆனதும் திறந்து பார்த்தால் ஏழெட்டு இருக்கும். என் வயதில் ஊசி பிடிக்கும் தோழிகள் எல்லார் வீட்டிலும் இதேதான். நேரம் கூடியது, தொடங்கியவை கூடின, முடிந்தவை மட்டும் கூடவில்லை.

இதற்குச் சோம்பல் காரணம் இல்லை. அலுவலக நாட்களில் மதிய இடைவேளை, ரயில் பயணம், ராத்திரி சீரியல் என்று நேரம் துண்டு துண்டாக, ஆனால் தவறாமல் கிடைத்தது. அந்தத் துண்டுக்குள் எது அடங்குமோ அதைத் தைத்தோம். ஓய்வுக்குப் பிறகு நாள் முழுக்க நம்முடையது என்று பேர்தான். கேஸ் சிலிண்டர் வருகிற நேரம், பேரனின் பள்ளி வேன், கண் டாக்டர், சொல்லாமல் வரும் விருந்தாளி என்று ஆளாளுக்கு வந்து அதை உடைத்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை மயில், செவ்வாய்க்கிழமை பிள்ளையார் என்று போடுகிற அட்டவணை முதல் வாரமே படுத்துவிடும்.

அதனால் இங்கே சொல்லும் முறை கிழமையை நம்புவதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எவ்வளவு கவனம் வேண்டும் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலியும் ஒரு பொழுதும் ஒதுக்குவதுதான் முறை. அப்படிச் செய்தால் நான்கு வேலைகள் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கும். நான்குக்கு மேல் எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். தைக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், ஆகவே ஊசியில் நூல் கோப்பதிலிருந்து தொடங்கவில்லை.

முதல் படி: கட்டிலில் பரப்பிக் கணக்கெடுப்பது

வீட்டில் பாதியில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பீரோ, பரண், தையல் மெஷின் டிராயர், மகள் வீட்டில் விட்டுவந்த பை என ஒன்றும் பாக்கி வேண்டாம். கட்டிலில் பரப்பி ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டிசைனின் அகலம் எத்தனை கட்டம், உயரம் எத்தனை கட்டம், துணி எத்தனை கவுண்ட் (அங்குலத்துக்கு எத்தனை கட்டம் அல்லது இழை), நூல் எந்தக் கம்பெனி, ஆங்கரா டிஎம்சியா, எத்தனை இழை போட்டுத் தைத்தது, யாருக்காகத் தொடங்கியது என்று எழுதுங்கள். எத்தனை இழை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து எடுக்கும்போது முதலில் குழப்புவது அதுதான்.

அடுத்தது வேகம். ஒரே நிறத்தை அரை மணி நேரம் தைத்து எண்ணுங்கள். இன்னொரு நாள், நிறம் அடிக்கடி மாறுகிற இடத்தில் அரை மணி நேரம் தைத்து எண்ணுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் ஒரு மணி நேர வேகம். கணக்குக்கு வசதியாக 100 என்று வைத்துக்கொள்வோம். 140க்கு 140 கட்டமுள்ள பிள்ளையார், துணி முழுக்க நிரம்பும் டிசைன் என்றால் 19,600 தையல், அதாவது 196 மணி நேரம். தினமும் 2 மணி நேரம் தைத்தால் 98 நாள். பின்னணி காலியாக இருக்கும் டிசைன் என்றால் நிரம்பும் பங்கைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓவியங்களை அப்படியே சார்ட் (கட்டத்துக்குக் கட்டம் நிறம் குறித்த தாள்) ஆக்கி விற்கிறார்களே, ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல், அவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400க்கு 500 கட்டம் என்றால் 2,00,000 தையல். அவற்றில் நிறம் ஓயாமல் மாறுவதால் மணிக்கு 80தான் வரும் என்று வைத்தால் 2,500 மணி நேரம். தினம் 2 மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் தைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேல். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் விட்டுப்போகும். எனக்கு என்னவோ நிம்மதியாகத்தான் இருக்கிறது. மூன்று வருட வேலை என்று தெரிந்துவிட்டால், இந்த தீபாவளிக்குள் முடியவில்லையே என்று அதன்மேல் கோபப்பட வேண்டியதில்லை.

கணக்கு முடிந்ததும் மூன்று குவியல் போடுங்கள்: முடிக்கப்போவது, யோசிக்க வேண்டியது, விடப்போவது. மூன்றாவதில் ஒன்றிரண்டாவது விழுந்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் மேட்டி துணியில் தொடங்கி ஓரம் மட்டும் முடிந்த மேசை விரிப்பு, கல்யாணப் பரிசாக ஆரம்பித்து அந்தத் தம்பதியின் பிள்ளையே கல்லூரிக்குப் போய்விட்ட ஜோடிக்கிளி எல்லாம் இதில் சேரும். மனசு கேட்கவில்லை என்றால் முடிந்த பகுதியை மட்டும் வெட்டி ஓரம் மடித்து ஒரு சிறு மெத்தை உறையாகவோ புத்தக அடையாளமாகவோ ஆக்குங்கள். மிச்ச நூல் பெட்டிக்குத் திரும்பட்டும். 'யோசிக்க வேண்டியது' குவியலை ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி, அடுத்த பொங்கலுக்குப் பிரிப்பதாக நோட்டில் எழுதிவிடுங்கள். அதுவரை அது கண்ணில் படக் கூடாது.

இரண்டாவது படி: நான்கு இடங்கள்

முதல் இடம் காலை ஜன்னல். காபி குடித்துச் சமையல் தொடங்குவதற்கு முன்போ, சமையல் முடிந்த கையோடோ ஒரு மணி நேரம். கண்ணுக்குக் கஷ்டமான வேலை எதுவோ அது இங்கேதான். 18 கவுண்ட் ஐடா (கட்டம் கட்டமாக நெய்த துணி), 28 கவுண்ட் ஈவன்வீவில் (சீரான இழைகளால் நெய்த துணி) துணியின் இரண்டு இழை தாண்டித் தைப்பது, பேக் ஸ்டிட்ச் (கோடு போலப் போடும் தையல்), பிரெஞ்சு முடிச்சு (நூலைச் சுற்றிப் போடும் புள்ளி), ஒற்றைத் தையலாக நிறங்கள் சிதறிக் கிடக்கும் முகம், கருப்புத் துணி எல்லாம் காலைக்கு உரியவை.

கருப்புத் துணிக்கு ஒரு வழி உண்டு. மடியில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். அடியிலிருந்து வெள்ளை எழும்பி ஓட்டைகள் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியும். விளக்கை மேலிருந்து மட்டும் போட்டால் கருப்பு நூல்கள் எல்லாம் ஒரே தகடாகத் தெரியும். ஓட்டை எது, நூல் எது என்றே பிடிபடாது. மழைக்காலத்தில் ஜன்னல் வெளிச்சம் போதாது என்றால் பகல் வெளிச்ச வெள்ளை எல்இடி விளக்கை இடது தோளுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். இடது கைக்காரர்கள் வலது தோளுக்கு. தைக்கும் கையின் நிழல் துணியில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

கண்ணாடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக இருக்கும் புரோகிரஸிவ் கண்ணாடி தெருவில் நடக்க நன்றாக இருக்கும். தைக்கும்போது, கிட்டத்தில் பார்க்கும் பகுதி கீழே சிறியதாக இருப்பதால் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். நீங்கள் உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, கண்ணுக்கும் துணிக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கண் பரிசோதனையின்போது சொல்லி, அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி வாங்குங்கள். விலை உயர்ந்த ஃபிரேம் எதற்கு? வீட்டுக்குள் போடுவதுதானே.

கண்புரை உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புரை முற்ற முற்ற எல்லாம் லேசான மஞ்சள் பூசியது போலத் தெரியும். கருநீலத்துக்கும் கருப்புக்கும், இளநீலத்துக்கும் இளம்பச்சைக்கும் வித்தியாசம் குறையும். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் நீலம் பளீரென்று தெரியும். அதற்கு முன் தொடங்கிய மயிலை எடுத்துப் பார்த்தால் வேறு யாரோ நிறம் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கும். அதனால் கண்ணை நம்பி நிறம் எடுக்காமல் நூல்கண்டின் தாள் பட்டையில் இருக்கும் எண்ணை நம்புங்கள். ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள் என்றால், நிறத்தை நாமாகத் தேர்வு செய்யும் வேலை எதையும் அதற்கு முன் தொடங்க வேண்டாம்.

இரண்டாவது இடம் மதியச் சாய்வு நாற்காலி. சாப்பிட்ட பிறகு, டிவியோ ரேடியோவோ ஓடும்போது செய்வது. 11 அல்லது 14 கவுண்ட், பெரிய ஒற்றை நிறப் பரப்பு, வானம், ஓரக்கட்டு. எண்ணுவது குறைவாக இருக்க வேண்டும். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை சார்ட்டைப் பார்த்தால் போதும் என்கிற மாதிரி. அந்த மூன்று வருட ஓவியத்தை வைத்திருப்பவர்கள், அதில் ஒரே நிறமாக இருக்கும் இடங்களை மட்டும் மதியத்துக்கு விட்டுவைத்து, முகத்தையும் இலைகளையும் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே துணி இரண்டு நாற்காலியிலும் உட்காரும். கண் சொக்க ஆரம்பித்ததும் ஊசியைக் குத்தி வைத்துவிடுங்கள். தூக்கத்தோடு எண்ணிய வரிசையில் ஒரு கட்டம் நகர்ந்தால், மறுநாள் காலை அதைப் பிரிக்கவே சரியாக இருக்கும்.

மூன்றாவது இடம் பை. டாக்டர் வீட்டு வரிசை, கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம், வைகை எக்ஸ்பிரஸ். பையில் போடும் வேலைக்கு நான் வைத்திருக்கும் அளவு: 60 கட்டத்துக்கு மேல் போகாத டிசைன், மூன்று நிறம், மடிக்காமல் பைக்குள் போகும் துணி. நூலைப் புறப்படுவதற்கு முன்பே முழங்கை நீளத்துக்கு வெட்டி, ஓட்டை போட்ட ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் நிறவாரியாகக் கோத்து வைத்துவிடுங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் எண். ஊசி இரண்டு, ஒன்று கட்டாயம் கீழே விழும். ரயில் ஆடும்போது நிரப்புத் தையல் மட்டும் போடுங்கள். பேக் ஸ்டிட்ச் வீட்டுக்கு வந்து. பிள்ளைகளைப் பார்க்க விமானத்தில் போகிறவர்கள் கத்தரிக்கோலை லக்கேஜில் போட்டுவிடுங்கள். நூல் முன்பே வெட்டியிருப்பதால் கையில் கத்தரிக்கோல் தேவைப்படாது. செக்யூரிட்டியில் நின்று வாதாடுகிற வயதா இது?

பை வேலைக்குக் கடையில் சார்ட் தேட வேண்டியதே இல்லை. நேர்க்கோடுகளால் ஆன நட்சத்திரக் கோலங்களைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்தால் அதுவே சார்ட். சிக்குக் கோலத்தின் வளைவுகள் குறுக்குத் தையலில் படிக்கட்டாகிவிடும். அவற்றைப் பேக் ஸ்டிட்சில் போடுங்கள். ஒரே நிறம், ஒரே ஊசி, முடிந்தால் ஒரு டம்ளர் விரிப்பு.

நான்காவது இடம் தேதி உள்ள வேலை. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், சஷ்டியப்தபூர்த்தி. இதற்கென்று தனி நாற்காலி கிடையாது. தேதி நெருங்கும்போது இது மற்ற மூன்றில் ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அது எது என்று முன்பே தீர்மானித்து வையுங்கள். நான் மதிய வேலையைத்தான் நகர்த்துவேன். காலை வேலையை நிறுத்தினால் திரும்ப அந்தச் சூடு வர நாளாகும்.

தேதி வேலையைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். குழந்தை பெயரோடு ஒரு சின்ன யானை, 60க்கு 80 கட்டம், முழுக்க நிரம்பினால் 4,800 தையல், 48 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் 48 நாள். அதோடு பாதியைச் சேர்த்து 72 நாள் என்று வையுங்கள். காய்ச்சலும் விருந்தாளியும் அந்தப் பாதியில் வருவார்கள். துவைத்துக் காயவைத்து ஃபிரேம் போட இரண்டு வாரம். நவராத்திரி, தீபாவளிச் சமயம் என்றால் ஃபிரேம் கடையில் இன்னும் இழுக்கும். ஆக மூன்று மாதம் முன்னால் தொடங்க வேண்டும். நாள் போதாது என்று கணக்கிலேயே தெரிந்தால் டிசைனைச் சின்னதாக்குங்கள். ராத்திரி கண் விழித்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

பெயரைத் தமிழில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: ஆங்கில எழுத்துக்கு 7 கட்ட உயரம் போதும், நம் எழுத்துக்குப் போதாது. ண, ழ, ஜ இவற்றின் சுழி திறந்து தெரிய 10, 12 கட்டமாவது வேண்டும். முதலில் கிராஃப் தாளில் பெயர் முழுவதையும் எழுதிப் பார்த்து, மொத்த அகலத்தை எண்ணி, அதற்குப் பிறகு யானையை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். இடம் குறைவு என்றால் எழுத்தைப் பேக் ஸ்டிட்சில் போட்டால் வளைவு அழகாக விழும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு.

ஏன் நான்கு? ஐந்தாவது வேலைக்கு வீட்டில் நாற்காலியும் இருக்காது, பொழுதும் இருக்காது. அது பீரோவுக்குத்தான் போகும்.

மூன்றாவது படி: நிறுத்தும் விதம்

பல வேலைகளை நடத்துவதில் தைப்பதைவிட முக்கியம், எப்படி நிறுத்துகிறோம் என்பது. பாதி வரிசையில் அப்படியே சுருட்டி வைத்தால், திரும்ப எடுக்கும்போது முதல் கால் மணி நேரம் எங்கே இருந்தோம் என்று தேடுவதில் போய்விடும். துண்டு நேரம் கிடைக்கும் ஓய்வுக்கால வீட்டில் அந்தக் கால் மணி நேரம்தான் சில சமயம் மொத்த நேரமுமே.

கையிலுள்ள நூல் தீர்ந்ததும் நிறுத்துவது முதல் பழக்கம். இரண்டாவது, நிறுத்துவதற்கு முன் அடுத்த நூலைக் கோத்து, துணியின் ஓரத்தில், டிசைனுக்கு வெளியே ஊசியைக் குத்தி வைப்பது. மூன்றாவது, ஒரு துண்டுத் தாளில் 'பக்கம் 3, கீழிருந்து 20வது வரிசை, கருப்பு முடிந்தது, அடுத்து சிவப்பு, பூவின் இடது இதழ்' என்று எழுதித் துணியோடு ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து வைப்பது. குண்டூசி வேண்டாம், மழைக்காலத்தில் துருக்கறை விடும். ஊசியையும் வாரக்கணக்கில் குத்தியபடி விடாதீர்கள், அதே காரணம்.

கட்டம் போட்டு வைப்பதும் இதில் சேரும். பத்துக்குப் பத்துக் கட்டமாகத் துணியில் முன்பே குறித்துவிட்டால், எந்த வேலையை எடுத்தாலும் சார்ட்டில் இருக்கும் கனமான கோடுகளோடு ஒத்துப்பார்த்து உடனே உட்காரலாம். தையல் மெஷின் நூலால் கோடு ஓட்டினால் கிராஸ் தையலின் ஊசி அதைக் குத்திப் பிளந்து, பிறகு உருவ வராது. மெல்லிய தூண்டில் நைலான் இழையை ஊசி பிளக்காது; முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும். நீரில் அழியும் பேனாவால் கோடு போட்டால், குளிர்ந்த நீரில் அலசிக் கோடு முழுவதும் போன பிறகுதான் இஸ்திரி. சூடு பட்டால் கோடு துணியிலேயே தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனா வேண்டவே வேண்டாம்; குளிர் பட்டால் கோடு திரும்ப வரும்.

இன்னொன்று, மேல் தையலின் சாய்வு. எந்த வேலையாக இருந்தாலும், காலையோ மதியமோ, மேல் தையல் எப்போதும் ஒரே பக்கம் சாயட்டும். இந்த வேலையில் எந்தப் பக்கம் என்று நினைவு வைக்கத் தேவையில்லாமல் போகும்.

சார்ட்டில் முடிந்ததைக் குறிக்க ஹைலைட்டரே எனக்குப் போதும். மூலத் தாளைப் பத்திரப்படுத்தி ஜெராக்ஸில் குறியுங்கள். எழுத்து பெரிதாகத் தெரிய ஏ3 அளவில் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லலாம். டேப்லெட்டில் பழகியவர்களுக்கு பேட்டர்ன் கீப்பர் என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. அதற்கு ஒத்துவரும் பிடிஎஃப் சார்ட்டை ஏற்றி ஒரு குறியைத் தொட்டால், அந்த நிறம் வருகிற கட்டமெல்லாம் தனியாகத் தெரியும். பெரிய ஓவியங்களுக்கு இது உண்மையிலேயே உதவும். ஓரக்கட்டு விரிப்புக்கு எதற்கு?

நான்காவது படி: நூல் பெட்டி

நான்கு வேலை நடக்கும் வீட்டில் சண்டை வருவது கருப்பு நூலுக்குத்தான். டிஎம்சியில் அதற்கு 310, ஆங்கரில் 403. எல்லா டிசைனுக்கும் அது வேண்டும், தேடும்போது எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாது. வெள்ளைக்கும் இதே கதி.

பெட்டி ஒன்றே இருக்கட்டும், எண் வரிசையில். தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ அறைகள் உள்ள எந்தப் பெட்டியும் சரி. ஒரு வேலைக்காக நூலை எடுக்கும்போது முழுக்கண்டையும் எடுக்காமல், தேவைக்கு வெட்டி அந்த வேலையின் அட்டையில் கோத்துக்கொள்ளுங்கள். முழுக்கண்டையே எடுக்க வேண்டியிருந்தால் அந்த அறையில் ஒரு சீட்டு: '403, காலை மயிலில்'. வங்கியிலோ அலுவலகத்திலோ கோப்பு எடுத்துப் பழகியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. கருப்பு, வெள்ளை இரண்டை மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வாங்கி வைத்துவிடுங்கள். அந்தச் செலவு நியாயமான செலவு.

வெளிநாட்டு சார்ட்கள் பெரும்பாலும் டிஎம்சி எண்ணில் வரும். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் சுலபமாகக் கிடைப்பது ஆங்கர். மாற்று அட்டவணைகள் உண்டு, ஆனால் அவை தருவது நெருங்கிய நிறம்தான், அதே நிறம் இல்லை. அட்டவணைக்கு அட்டவணை எண்ணும் மாறும். ஒரு வேலையை எந்தக் கம்பெனி நூலில் தொடங்கினீர்களோ அதிலேயே முடிப்பதுதான் அழகு. தோல் நிறம், வானம் மாதிரி நிழல் படிப்படியாக மாறும் இடத்தில் இரண்டையும் கலந்தால் ஒரு படி துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு கண்டு 8 மீட்டர், 6 இழை. 14 கவுண்டில் 2 இழையாகத் தைத்தால், முனை வெட்டி வீணாவதையும் சேர்த்து, ஒரு கண்டுக்குச் சுமார் 1,500 தையல் என்று வைத்துக்கொண்டால் குறை வராது. வானம் 9,000 தையல் என்றால் ஆறு கண்டு. ஆறையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து வாங்கும் அதே எண்ணில் சாயம் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

துணியைக் காப்பது

நம் ஊர் ஈரத்துக்கும் வேர்வைக்கும் பாதியில் நிற்கும் துணிதான் முதலில் பலியாகும். தைத்து முடித்த ஒவ்வொரு முறையும் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றுங்கள். நாள்கணக்கில் மாட்டியிருந்தால் வளையத்தின் விளிம்பில் அழுக்கு வட்டம் படியும், அது துவைத்தாலும் சுலபத்தில் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலை, கை க்ரீம், மஞ்சள், மாவு என ஒன்றும் இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு ஊசி.

வைப்பதற்குப் பருத்தித் தலையணை உறைதான் நல்லது. ஜிப் கவர் பார்க்க ஒழுங்காக இருக்கும்; ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஜிப் கவர்தான் வேண்டும் என்றால் மூலையில் ஓட்டை போடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடுவோர் அதைத் துணியில் நேரே படாமல் ஒரு முடிச்சில் கட்டிப் போட வேண்டும், போட்ட பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தைக்கக் கூடாது. வேப்பிலையைக் காயவைத்துப் போடுகிறவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, நேர் வெயில் படாத இடத்தில் காற்றாட விட்டு, வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும்.

கை, கழுத்து, கண்

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது நொடி பார்ப்பது என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். ஜன்னல் இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இதுவும் ஒரு லாபம். எதிர்வீட்டு மாமரம் அந்தத் தூரத்தில்தான் இருக்கும். கட்டைவிரல் மூட்டு வலி உள்ளவர்கள் வளையத்தைக் கையில் பிடிக்காமல் மேசையில் நிற்கும் ஸ்டாண்டுக்கு மாறுங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று தைக்கப் பழகினால் மணிக்கட்டு திரும்புவது குறையும். முதல் வாரம் கை தடுமாறும், அப்புறம் வேகமே கூடும். ராத்திரியில் விரல் நுனி மரத்துப்போகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நடு நரம்பு மணிக்கட்டில் அழுந்துவதால் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

ஐந்தாவது படி: வருடத்துக்கு ஒரு பக்கம்

நோட்டின் முதல் பக்கத்தைப் பொங்கலுக்குப் பொங்கல் எழுதுங்கள். இத்தனை படம் முடிப்பேன் என்று எழுதினால் சின்னச் சின்னதாக முடித்துக் கணக்கு காட்டத்தான் கை போகும், பெரியது நகராது. மாறாக, எந்த வேலை எந்த மாதம் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதலாம்: ஆடிக்குள் மயிலின் கழுத்து, கார்த்திகைக்குள் ஓவியத்தின் இரண்டாவது பக்கம். வருடத்தில் தைக்க முடியாத நாட்களும் முன்பே தெரியுமே. கத்திரி வெயிலில் கை வேர்த்து வெள்ளைத் துணியைத் தொட முடியாது. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்தால் ஊசியை வெளியே எடுக்கவே கூடாது. ஆவணியிலும் தையிலும் வாரம் ஒரு முகூர்த்தம். அந்த மாதங்களில் பை வேலை மட்டும் என்று எழுதிவிடுங்கள். மார்கழி அருமையான மாதம்தான், ஆனால் காலை வெளிச்சம் தாமதமாக வரும். ஜன்னல் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

புதிது தொடங்கும் ஆசைக்கு என்ன செய்வது? ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே. வெளியே போவது என்றால் தைத்து முடிப்பது மட்டும் போதாது. துவைத்து, தேய்த்து, ஃபிரேமோ உறையோ ஆகி, சுவருக்கோ சொந்தக்காரர் கைக்கோ போயிருக்க வேண்டும். தைத்து முடித்துச் சுருட்டி வைத்தவை பத்து இருக்கிற பீரோக்கள் எனக்குத் தெரியும்.

துவைப்பதற்குக் குளிர்ந்த நீர், மிதமான திரவ சோப்பு. சிவப்பு, கருநீலம் சாயம் விட்டால் பயந்து வெளியே எடுத்துக் காயப்போடாதீர்கள். காய்ந்தால்தான் கறை பிடிக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் வருவது நிற்கும்வரை அலசுங்கள். பிழியக் கூடாது, டர்க்கி டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் போதும். அதே டவலின் மேல் படத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் தையல்கள் நசுங்காது.

ஃபிரேம் கடையில் சாமி படம் போடுவது போலப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வராமல் நீங்களே அட்டையில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அமிலம் இல்லாத அட்டையை டிசைனைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, துணியின் நான்கு ஓரத்தையும் பின்னால் மடித்து, கெட்டி நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் குறுக்கே இழுத்து இழுத்துக் கட்டினால் துணி தாள் போல நிற்கும். இதற்காகவே தொடங்கும்போது நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விட வேண்டும். கண்ணாடி துணியில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் (சுற்றிலும் வரும் அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். மூடுவதற்கு முன் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் உங்கள் பெயர், வருடம், எந்த நூல், யாருக்கு என்று எழுதுங்கள். மாட்டும் சுவரில் மாலை வெயில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.